இல்லத்து ஏடகம்

சென்னை மாநகரின் மேற்கே, பூவிருந்தவல்லியிலிருந்து ஆவடிக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ள ஊர் சென்னீர்குப்பம். திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், இன்று மாநகரை ஒட்டிய குடியிருப்பாக வளர்ந்துள்ளது. அம்பத்தூர், ஆவடி முதலிய இடங்களில் உள்ள தொழிற்கூடங்களுக்கு நாள்தோறும் சென்று திரும்பும் குடும்பங்கள் பல இத்தகைய புறநகர்களில் வாழ்கின்றன.

அத்தகைய குடும்பம் ஒன்றைக் கருதுக. தந்தை தொழிற்கூடம் ஒன்றில் பணியாற்றுகின்றார். தாய் வீட்டிலிருந்தபடியே ஆடை தைத்துக் கொடுக்கின்றார். மகள் கல்லூரியிலும் மகன் பள்ளியிலும் பயில்கின்றனர். பாட்டியாரும் உடன் உறைகின்றார். வீட்டில் நான்கு கைப்பேசிகளும் ஒரு மடிக்கணினியும் உள்ளன. மனைப் பத்திரத்தின் படம் தந்தையின் கைப்பேசியில் இருக்கின்றது. வாடிக்கையாளரின் அளவுக் குறிப்புகளும் வரவு செலவுக் கணக்கும் தாயின் கைப்பேசியில் இருக்கின்றன. மகள் ஓராண்டு உழைத்து எழுதிய ஆய்வேடு மடிக்கணினியில் இருக்கின்றது. மறைந்த பாட்டனார் தம் பேரனுக்குக் கதை சொல்லிய குரற்பதிவு, அப்பேரனின் கைப்பேசியில் இருக்கின்றது.

இக்குடும்பத்தின் செல்வம் சிறிதன்று. ஆயினும் அது பாதுகாப்பாக இருக்கின்றதா? ஒவ்வொரு பொருளும் ஒரே ஓரிடத்தில் மட்டுமே உள்ளது. மகனின் கைப்பேசி பேருந்தில் தவறிவிட்டால் புதிய கைப்பேசி ஒன்றை வாங்கிவிடலாம். பாட்டனாரின் குரலை எந்தக் கடையில் வாங்குவது? விலை கொடுத்து மீண்டும் பெறத்தக்க பொருள்கள் உண்டு. எவ்விலை கொடுத்தும் பெற இயலாத பொருள்களும் உண்டு. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிந்து, இரண்டாம் வகைப் பொருள்களைக் காத்துக்கொள்ளும் முறையை இன்று ஒவ்வொரு குடும்பமும் கற்க வேண்டியுள்ளது.

வெள்ளம் கற்பித்த பாடம்

2015 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் தொடக்கத்தில் பெய்த பெருமழையால் சென்னையும் அதன் சுற்றுப்புறங்களும் வெள்ளத்தில் மூழ்கின. வீடுகளின் பெட்டிகளிலும் அலமாரிகளிலும் இருந்த பள்ளிச் சான்றிதழ்கள், பட்டாக்கள், குடும்ப அட்டைகள் முதலியன நீரில் ஊறிச் சிதைந்தன. வெள்ளம் வடிந்தபின், இழந்த ஆவணங்களுக்கு மாற்றுப் படிகள் வழங்கும் சிறப்பு முகாம்களை அரசு நடத்தியது. பலர் தம் சான்றிதழ்களை மீண்டும் பெற்றனர்.

இது எவ்வாறு இயன்றது? அச்சான்றிதழ்களின் பதிவு, வெள்ளம் எட்டாத வேறோர் அலுவலகத்தில் இருந்தமையால் இயன்றது. ஆனால் திருமணப் படங்களும் குழந்தைகளின் இளமைப் படங்களும் எந்த அலுவலகத்திலும் பதிவாகியிருக்கவில்லை. அவற்றை இழந்தவர் இழந்தவரே. இரண்டாவது படி இருந்த பொருள் மீண்டது. ஒரே படியாக இருந்த பொருள் மறைந்தது. வெள்ளம் கற்பித்த பாடம் இதுவே.

ஏடு காத்த முறை

இப்பாடம் தமிழர்க்குப் புதிதன்று. பழங்காலத்தில் நூல்கள் பனையோலையில் எழுதப்பெற்றன. ஓலை நெடுங்காலம் நில்லாது. கரையான் அரிக்கும், பூச்சி துளைக்கும், ஈரம் பட்டு உளுக்கும், ஓரங்கள் முறிந்து உதிரும். ஆதலால், ஏடு சிதையுமுன் அதனைப் பார்த்து வேறோர் ஏட்டில் எழுதிவைத்தனர். இதற்குப் படி எடுத்தல் என்று பெயர். ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய பாடல்கள் இன்று வாசிக்கக் கிடைக்கின்றனவென்றால், அவை முதலில் எழுதப்பெற்ற ஓலை இன்றும் இருக்கின்றது என்பது பொருளன்று. தலைமுறை தலைமுறையாகப் படி எடுத்தோர் இருந்தனர் என்பதே பொருள்.

படிகள் பல ஊர்களில் இருந்தமையால் மற்றொரு நன்மையும் விளைந்தது. டாக்டர் உ. வே. சாமிநாத ஐயர் 1887 ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல இடங்களிலிருந்து ஏடுகளைத் தேடிப் பெற்று ஒன்றோடொன்று ஒப்பிட்டார். ஓர் ஏட்டில் உதிர்ந்த சொல் மற்றோர் ஏட்டில் இருந்தது. ஒன்றில் நேர்ந்த பிழையை மற்றொன்று காட்டிக் கொடுத்தது. படி பெருகாத நூல்களின் நிலை வேறு. ஐம்பெருங்காப்பியங்களுள் வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாகக் கிடைக்கவில்லை. வளையாபதியின் எழுபது அளவிலான பாடல்கள் மட்டும், புறத்திரட்டு என்னும் தொகுப்பு நூலிலும் உரைகளிலும் எடுத்தாளப்பெற்றிருந்தமையால் தப்பின. வேறோரிடத்தில் படியாகச் சென்ற பகுதி பிழைத்தது. செல்லாத பகுதி அழிந்தது.

அச்சு வந்தபின்னும் இவ்வுண்மை மாறவில்லை. 1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் நாள் இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. அவற்றுள் அச்சு நூல்கள் பலவற்றை வேறிடங்களில் தேடிச் சேர்க்க இயன்றது. வேறெங்கும் படி இல்லாத ஓலைச்சுவடிகளும் கையெழுத்து நூல்களும் சாம்பலானமையே ஈடு செய்யவொண்ணாத இழப்பாயிற்று.

இதற்கு மாறாக, தனி ஒருவரின் வீட்டில் தொடங்கிய முயற்சி நிலைபெற்றதும் உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா என்பார், விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். அவர் தம் வாழ்நாள் முழுவதும் தமிழ் நூல்களையும் இதழ்களையும் துண்டு வெளியீடுகளையும் தேடித்தேடி வீட்டில் சேர்த்தார். 1992 ஆம் ஆண்டு அவர் மறைந்தபின், சிகாகோப் பல்கலைக்கழகம் அத்தொகுப்பை விலைக்குப் பெற்றுத் தமிழகத்திலேயே நிலைபெறச் செய்தது. 1994 ஆம் ஆண்டு சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. அரிய நூல்கள் நுண்படச் சுருள்களில் படியெடுக்கப்பெற்றன. ஒரு வீட்டின் ஏடகம் ஒரு நாட்டின் ஏடகமாக உயர்ந்தது. சேர்த்தவர் ஒருவர், படி எடுத்தவர் வேறொருவர். இவ்விரு தொண்டும் கூடியபோதே அச்செல்வம் காப்புற்றது.

வழங்கி என்னும் பொறி

முன்னாளில் ஏடகம் அமைக்கப் பெரும் பொருளும் இடமும் தேவைப்பட்டன. இன்று ஒரு சிறு பொறி அப்பணியை வீட்டிலேயே செய்யவல்லது. அதற்குச் சர்வர் என்று பெயர். கேட்டவர்க்குக் கேட்ட கோப்பை எடுத்து வழங்குதலால் தமிழில் அதனை வழங்கி என்பர். வழங்கி என்றவுடன் பேரரங்குகளில் வரிசையாக நிற்கும் விந்தைப் பொறிகளை எண்ணி அஞ்ச வேண்டுவதில்லை. இருவர் உட்காரும் மேசையின் மூலையில் வைத்துவிடத்தக்க சிறு பெட்டியே வீட்டுக்குப் போதும். பயன்பாட்டிலிருந்து ஒதுக்கப்பட்ட பழைய மேசைக்கணினியும் இப்பணிக்கு உதவும். இங்கிலாந்தில் 2012 ஆம் ஆண்டு வெளிவந்த ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கையளவுக் கணினியைக் கொண்டும் சிலர் இதனை அமைக்கின்றனர்.

வழங்கியின் உயிர்நிலை அதனுள் இருக்கும் ஹார்ட் டிஸ்க் என்னும் வன்தட்டு ஆகும். 1956 ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனம் முதன்முதலாக வெளியிட்ட வன்தட்டுப் பொறியில், இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகள் சுழன்றன. ஒரு டன்னுக்குமேல் எடையுள்ள அப்பொறி ஏறத்தாழ ஐம்பது இலட்சம் எழுத்துகளையே ஏற்றது. இன்று கையில் அடங்கும் நான்கு டெராபைட் தட்டு ஒன்று அதனைப்போல் எட்டு இலட்சம் மடங்கு ஏற்கும். ஒரு குடும்பம் பல ஆண்டுகள் எடுக்கும் படங்களும் பதிவுகளும் அதனுள் அடங்கிவிடும்.

வீட்டிலுள்ள கைப்பேசிகளும் கணினியும் வைஃபை வாயிலாக ரௌட்டருடன் இணைந்துள்ளன. வழங்கியையும் அதே ரௌட்டருடன் இணைத்துவிட்டால் அது வீட்டார் அனைவர்க்கும் பொதுவான அலமாரி ஆகின்றது. ஒருவர் வைத்ததை மற்றொருவர் எடுக்கலாம். மனைப் பத்திரமும் மின்கட்டணச் சீட்டும் பொது அறையில் இருக்கும். தாயின் கணக்கு அவர்க்குரிய அறையில் இருக்கும்; அதனைப் பிறர் திறத்தல் இயலாது. எவர்க்கு எவ்வறையின் திறவுகோல் என்பதை வழங்கி நினைவில் வைத்திருக்கும்.

வெவ்வேறு வகைக் கணினிகள் ஒன்றோடொன்று கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளல் முன்னர் எளிதாக இல்லை. ஆஸ்திரேலியாவின் கான்பரா நகரில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்பார் இக்குறையைத் தீர்க்க முயன்று, 1992 ஆம் ஆண்டு ஒரு மென்பொருளை வெளியிட்டார். பின்னர் சாம்பா என்று பெயர் பெற்ற அம்மென்பொருள் இன்று உலகெங்கும் வழங்கிகளில் இயங்குகின்றது. 1996 ஆம் ஆண்டு அவரும் பால் மெக்கராஸ் என்பவரும் ஆர்சிங்க் என்னும் மற்றொன்றையும் வெளியிட்டனர். அது ஒரு கோப்பு முழுவதையும் மீண்டும் மீண்டும் அனுப்பாமல், மாறிய பகுதியை மட்டும் கண்டறிந்து அனுப்பவல்லது. நள்ளிரவில் எல்லாரும் உறங்கும்போது அன்றைய மாற்றங்களை மட்டும் படியெடுத்துச் சில நிமிடங்களில் பணியை முடித்துவிடலாம். இவ்விரண்டையும் எவரும் விலையின்றிப் பெறலாம். அறிவைப் பூட்டி வைக்காமல் பொதுவாக்கிய இத்தகையோரின் தொண்டினாலேயே எளிய குடும்பமும் இவ்வசதியைப் பெறுகின்றது.

நிழல் வேறு, காப்பு வேறு

வன்தட்டு நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்வது. சுழலும் பொருள் என்றேனும் ஒருநாள் நிற்கும். அதனால் கோப்புகள் அழியாதிருக்க, வழங்கியில் இரண்டு தட்டுகளை வைத்து இரண்டிலும் ஒரே பொருளை ஒரே நேரத்தில் எழுதச் செய்வர். ஒன்று பழுதுற்றால் மற்றொன்று பணியைத் தொடரும். பல தட்டுகளை இவ்வாறு இணைத்துப் பயன்படுத்தும் முறைகளை 1988 ஆம் ஆண்டு கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்து அறிஞர் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகியோர் வகைப்படுத்தி, ரெய்டு என்று பெயரிட்டனர்.

இங்கே பலர் ஏமாறுகின்றனர். இரட்டைத் தட்டு இருக்கின்றது. இனி அச்சமில்லை என்று எண்ணுகின்றனர். கண்ணாடி முன் நிற்பவன் கையிலிருந்த மலரைக் கீழே போட்டால், கண்ணாடியில் தோன்றும் உருவமும் மலரைக் கீழே போடும். அதுபோல, மகன் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் இரண்டு தட்டுகளிலிருந்தும் அது ஒருங்கே அழியும். மகள் நல்ல கட்டுரையின்மேல் வெற்றுத் தாளைப் பதிந்துவிட்டால் இரண்டிலும் வெற்றுத் தாளே எஞ்சும். இரட்டைத் தட்டு பொறியின் பழுதைத் தாங்கும். மனிதரின் பிழையைத் தாங்காது.

காப்புப்படி என்பது வேறு. நேற்று இருந்த நிலையை, இன்று நேரும் மாற்றம் தீண்டாதவாறு தனியே வைப்பதே காப்புப்படி. நேற்றைய படி, சென்ற வாரப் படி, சென்ற திங்களின் படி எனச் சில படிகளை வரிசையாக வைத்திருந்தால், பிழை பத்து நாள் கழித்துத் தெரியவரினும் முந்தைய நிலைக்குத் திரும்பலாம்.

மூன்று, இரண்டு, ஒன்று

கோப்புகளுக்குப் பகை மூன்று வகையில் வரும். வெள்ளம், தீ, இடி, பொறியின் பழுது ஆகியன முதல் வகை. தம் கையாலேயே தவறி அழித்தல் இரண்டாம் வகை. திருட்டும் தீநிரலும் மூன்றாம் வகை. தீநிரல் என்பது தீய நோக்குடன் எழுதப்பெற்ற மென்பொருள். 2017 ஆம் ஆண்டு மே 12 ஆம் நாள் பரவத் தொடங்கிய வானாகிரை என்னும் தீநிரல், ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்ட கணினிகளைத் தாக்கியது. அது கோப்புகளைத் திறக்க இயலாதவாறு பூட்டிவிட்டுப் பணம் கேட்டு மிரட்டியது. இத்தகைய தீநிரல், தாக்குண்ட கணினியுடன் இணைந்துள்ள பொது அலமாரியையும் பூட்டிவிடவல்லது.

இம்மூவகைப் பகையையும் ஒருங்கே எதிர்கொள்ளும் எளிய விதி ஒன்றை அமெரிக்க நிழற்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பினார். பொருள் எதுவாயினும் மூன்று படிகள் இருத்தல் வேண்டும். அவை இருவேறு வகைக் கருவிகளில் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் இருத்தல் வேண்டும். இதுவே மூன்று, இரண்டு, ஒன்று என்னும் விதி.

சென்னீர்குப்பத்துக் குடும்பம் இவ்விதியை எவ்வாறு கைக்கொள்ளலாம்? பாட்டனாரின் குரல் மகனின் கைப்பேசியில் இருப்பது முதற்படி. நாள்தோறும் இரவில் அது வீட்டு வழங்கிக்குச் செல்வது இரண்டாம் படி. மூன்றாம் படியைத் தனியொரு வன்தட்டில் எடுத்து, திருச்சிராப்பள்ளியிலுள்ள அத்தை வீட்டில் வைக்கலாம். இத்தகைய தட்டுகள் இரண்டு இருப்பின், பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் அத்தை வீட்டிற்குச் செல்லும்போது புதிய படியுள்ள தட்டைக் கொடுத்துவிட்டுப் பழையதைக் கொண்டுவரலாம். அத்தட்டு எக்கணினியோடும் இணையாமல் பெட்டியில் உறங்குவது. ஆதலின் தீநிரல் அதனைத் தீண்டாது. சென்னையில் வெள்ளம் வரினும் அது திருச்சியில் உலர்ந்திருக்கும்.

வேறோர் இடம் என்னும் கட்டளையைப் பெரிய அரசுகளும் மறந்து துன்புற்றதுண்டு. 2025 ஆம் ஆண்டு செப்டம்பர் 26 ஆம் நாள் தென்கொரியாவின் டேஜோன் நகரில், அந்நாட்டு அரசின் தரவு மையம் தீப்பற்றியது. அரசு அலுவலர் தம் பணிக்கோப்புகளைச் சேமித்து வந்த ஜி டிரைவ் என்னும் தொகுப்பு அங்கே அழிந்தது. அதன் அளவு 858 டெராபைட். அத்தொகுப்பு மிகப் பெரிதாக இருந்தமையால் வெளியிடத்தில் அதற்குப் படி வைக்கப்பெறவில்லை. பொறியும் பொருளும் வல்லுநரும் நிறைந்த அரசுக்கு நேர்ந்த இவ்விழப்பு, ஓர் இடத்தை மட்டும் நம்புதல் எத்துணை இடர் தருவது என்பதைக் காட்டுகின்றது.

மீட்டுப் பார்த்தல்

படி எடுத்தாயிற்று, பணி முடிந்தது என்று இருந்துவிடலாகாது. எடுத்த படி திறக்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். மென்பொருள் எழுதுவோர் பலர் தம் ஆக்கங்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் என்னும் நிறுவனத்தில் 2017 ஆம் ஆண்டு ஜனவரி 31 ஆம் நாள் ஒரு பொறியாளர், பழுது நீக்கும் முயற்சியில் தவறான வழங்கியிலிருந்த தரவுகளை அழித்துவிட்டார். அந்நிறுவனத்திடம் காப்பு முறைகள் ஐந்து இருந்தன. ஆனால் அவற்றுள் எதுவும் எதிர்பார்த்தவாறு கைகொடுக்கவில்லை. வேறொரு பணிக்காக ஆறு மணி நேரத்திற்கு முன்னர் எடுத்திருந்த ஒரு படியைக் கொண்டே பெரும்பகுதி மீட்கப்பட்டது. அந்நிறுவனம் தன் பிழையை மறைக்காமல், மீட்கும் முயற்சியை உலகறிய வெளியிட்டமை பாராட்டுக்குரியது. அதனால் அப்பாடம் அனைவர்க்கும் பயன்பட்டது.

மழைக்காலத்திற்கு முன்னரே கூரையைச் சோதித்துப் பார்ப்பது இல்லறத்தார் வழக்கம். அவ்வாறே மூன்று திங்களுக்கு ஒருமுறை காப்புப்படியிலிருந்து சில கோப்புகளை எடுத்துத் திறந்து பார்த்தல் வேண்டும். படம் தெளிவாகத் தெரிகின்றதா? குரல் முழுமையாக ஒலிக்கின்றதா? கணக்கின் கடைசி வரி அண்மைய நாளுடையதா? மீட்டுப் பார்க்காத படி, நெல் இருக்கின்றது என்ற நம்பிக்கையில் திறவாமல் வைத்த குதிர் போன்றது. பஞ்சம் வந்த நாளில் திறக்கும்போதுதான் எலி உண்டது தெரியவரும்.

அமைக்கும் முறை

வழங்கியை வைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். தரையில் வைத்தல் கூடாது. வெள்ள நீர் முதலில் தொடுவது தரையையே. சமையலறை அருகில் வைத்தால் வெம்மையும் எண்ணெய்ப் பிசுக்கும் கேடு செய்யும். மூடிய அலமாரியில் வைத்தால் காற்றோட்டம் இராது. கோடையில் தட்டுகள் சூடேறும். பல்லியும் எறும்பும் பெட்டிக்குள் புகாதவாறு பார்த்துக்கொள்ளல் வேண்டும். மின்சாரம் திடீரென நின்றால், எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு பாதியில் முறியும். ஆதலின் யுபிஎஸ் என்னும் சிறு மின்கலப் பெட்டி ஒன்றை இடையில் இணைத்தல் நன்று. அது சில நிமிடங்கள் மின்சாரம் தந்து, வழங்கி தன் பணியை ஒழுங்காக முடித்து உறங்க உதவும்.

வெளியூரிலிருந்தும் கோப்புகளைக் காண வேண்டும் என்னும் ஆவலால் வழங்கியின் கதவை இணையத்திற்குத் திறந்துவிடுவோர் உளர். இது இடர் நிறைந்த செயல். 2022 ஆம் ஆண்டு டெட்போல்ட் என்னும் தீநிரல், அவ்வாறு இணையத்திற்குத் திறந்திருந்த வீட்டு வழங்கிகளையும் சிறு நிறுவன வழங்கிகளையுமே தேடித் தாக்கிப் பணம் பறிக்க முயன்றது. வீட்டிற்குள் மட்டும் பயன்படுத்துவதே தொடக்கத்தில் தக்கது. மென்பொருளை அவ்வப்போது புதுப்பித்தலும், எளிதில் ஊகிக்கவியலாத கடவுச்சொல் அமைத்தலும் இன்றியமையாதன.

கடவுச்சொல் பற்றி ஒன்று குறிப்பிடத்தக்கது. வெளியிடத்தில் வைக்கும் தட்டு பிறர் கையில் சிக்கினும் படிக்கவியலாதவாறு, அதனை மறைகுறியாக்கிப் பூட்டுவர். அப்பூட்டைத் திறக்கும் சொல் ஒருவர்க்கு மட்டும் தெரிந்திருந்து, அவர்க்கு இடர் ஏதேனும் நேர்ந்தால், எத்துணைப் படிகள் இருந்தும் பயனில்லை. ஆதலின் அச்சொல்லைத் தாளில் எழுதி, உறையிலிட்டு, வீட்டுப் பத்திரங்களோடு வைத்தல் வேண்டும். தாயும் தந்தையும் இருவரும் அவ்விடத்தை அறிந்திருத்தல் வேண்டும். திறவுகோலுக்கும் ஒரு படி தேவை.

வீடும் வெளியும்

இத்துணைத் தொல்லை எதற்கு? பெருநிறுவனங்களின் மேகச் சேமிப்பில் வைத்துவிட்டால் ஆகாதா என்று சிலர் வினவலாம். மேகம் என்பது வானில் இருப்பதன்று. அதுவும் ஓரிடத்தில் மண்மேல் நிற்கும் வழங்கிகளின் கூட்டமே. சென்னீர்குப்பத்திற்கு அண்மையிலுள்ள அம்பத்தூரிலேயே பெரிய தரவு மையங்கள் எழுந்துள்ளன. மேகச் சேமிப்பில் நன்மை பல உண்டு. வீட்டில் வெள்ளம் புகுந்தாலும் அங்கே கோப்பு இருக்கும். பொறியைப் பேணும் கவலையும் இல்லை. ஆனால் திங்கள்தோறும் வாடகை செலுத்துதல் வேண்டும். கணக்கு முடங்கினாலோ கடவுச்சொல்லை இழந்தாலோ அங்கிருப்பதை எட்ட இயலாது. மேலும் கைப்பேசியில் ஒரு படத்தை நீக்கினால், ஒத்திசைவின் காரணமாக மேகத்திலிருந்தும் அது நீங்குதல் உண்டு.

ஆதலின் இது வீடா, வெளியா என்னும் போட்டியன்று. வீட்டு வழங்கி ஒரு படியையும், மேகமோ உறவினர் வீடோ மற்றொரு படியையும் தாங்கினால் மூன்று, இரண்டு, ஒன்று என்னும் விதி நிறைவேறும். பொறி வாங்க இயலாத குடும்பமும் மனம் தளர வேண்டுவதில்லை. இரண்டு தனி வன்தட்டுகளை வாங்கி, ஒன்றை வீட்டிலும் ஒன்றை உறவினர் இல்லத்திலும் வைத்து, திங்களுக்கு ஒருநாள் படியெடுக்கும் வழக்கத்தைக் கைக்கொள்ளலாம். எடுக்கும் நாளை நாட்காட்டியில் குறித்து வைத்தால் மறதி நேராது. பொறியைவிட வழக்கமே முதன்மையானது.

முன்னாளில் ஏட்டைப் பேணியவர் புலவரும் மடத்தாரும் செல்வரும் ஆவர். இன்று அக்கடமை ஒவ்வொரு வீட்டிற்கும் வந்துள்ளது. வீட்டிலுள்ள முதியோரின் குரல், ஊரின் பழைய படம், குடும்பத்தின் கணக்கு, மாணவரின் எழுத்து ஆகிய இவையெல்லாம் வருங்காலத்தார்க்கு வரலாறு ஆகும். இவற்றை இனம் பிரித்து, பெயரும் நாளும் இட்டு, படியெடுத்து வைக்கும் பணிக்கு இளைஞரே ஏற்றவர். பொறியைக் கையாளும் திறன் அவர்களிடம் மிகுதி. படத்திலிருப்பவர் யார், பதிவான நாள் எது என்று சொல்லவல்ல பெரியோரும் இன்று அவர்களின் அருகில் இருக்கின்றனர். இவ்விரண்டும் ஒருங்கே வாய்த்திருக்கும் காலம் நெடிதன்று. அது கழியுமுன் முதற்படியை எடுத்துவிடுதல் அறிவுடையோர் செயலாகும்.